எசமான் மனந்திரும்பினால் போதுமா?

1830களின் தொடக்கம். ஓர் ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், விரிகுடாவை ஒட்டிய பகுதியில் மெதடிஸ்ட் கிறித்தவர்களின் கூடாரக் கூட்டம் நடக்கிறது. தாமஸ் ஆல்ட் என்ற அடிமை உடைமையாளர் அங்கே போகிறார், பிரசங்கம் கேட்கிறார், எல்லோர் முன்னிலையிலும் மனந்திரும்புகிறார். அவரிடம் அடிமையாக இருந்த பதின்ம வயதுப் பையன் ஒருவன் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இரண்டு நம்பிக்கைகள். எசமான் இனித் தன் அடிமைகளை விடுதலை செய்துவிடுவார் என்பது ஒன்று. அது நடக்காவிட்டாலும் கொஞ்சம் இரக்கமாவது காட்டுவார் என்பது மற்றொன்று.

இரண்டும் நடக்கவில்லை. ஆல்ட் காலையும் மாலையும் ஜெபம் செய்தார். வீட்டுக்குப் போதகர்களை அழைத்து விருந்து வைத்தார். கை ஊனமுற்ற ஓர் இளம் அடிமைப் பெண்ணைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தார். அடித்துக்கொண்டே அதற்கு ஆதாரமாக வேத வசனமும் சொன்னார். அந்தப் பையன் மற்ற அடிமைகளுக்குப் பைபிள் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் ஞாயிறு பள்ளி ஒன்றில் பங்கெடுத்தான். சபையின் தலைவர்களே தடிகளோடு வந்து அதைக் கலைத்தார்கள். பைபிளைப் பரப்ப ஊர் ஊராகப் போனவர்கள்தான், பைபிளைப் படிக்க முயன்றவர்களை அடித்து விரட்டினார்கள்.

அந்தப் பையன்தான் பின்னாளில் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெருங்குரலாக உயர்ந்த ஃபிரெடெரிக் டக்ளஸ். மதம் பிடித்த எசமான்தான் எசமான்களிலேயே மோசமானவன் என்பது, 1845இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் எழுதிவைத்த முடிவு.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்தப் பகுதியைப் படித்த மாலையில் பெரிய விவாதம் நடந்தது. "மதம் என்றாலே இப்படித்தான், இதில் பேச என்ன இருக்கிறது?" என்றார் ஒரு மாணவர். "அப்படியானால் அமெரிக்காவில் அடிமைமுறையை எதிர்த்த பலரும் ஏன் அதே எழுப்புதல் கூட்டங்களிலிருந்து வந்தார்கள்?" என்று திருப்பிக் கேட்டார் ஒரு மாணவி. இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தோழர்களே, இந்த வரலாற்றை 'மதம் நல்லதா கெட்டதா' என்ற பட்டிமன்றத் தலைப்பாகப் பார்த்தால் நமக்கு ஒன்றும் கிடைக்காது. வேறொரு கேள்வியோடு பார்ப்போம். மனம் மாறியது என்கிறார்களே, அதற்குப் பிறகு எது கைமாறியது? நிலமா, கட்டடமா, இருக்கையா, புத்தகமா, பிரசங்க மேடையா? இவற்றில் எதுவும் கைமாறவில்லை என்றால், மாறியது என்று எதைச் சொல்கிறோம்?

எழுப்புதல் என்ன சொன்னது?

அமெரிக்க வரலாற்றில் 1730, 40களில் ஓர் எழுப்புதல் அலை வந்தது. 1790களிலிருந்து 1830கள் வரை அதைவிடப் பெரிய இரண்டாவது அலை வந்தது. 1801 ஆகஸ்டில் கென்டக்கி மாநிலத்தின் கேன் ரிட்ஜ் என்ற இடத்தில் கூடிய கூட்டம் இதில் பேர்போனது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாள்கணக்கில் தங்கியிருந்தார்கள். மரக்கட்டை மேலும் வண்டி மேலும் ஏறி நின்று, ஒரே நேரத்தில் பல போதகர்கள் பேசினார்கள். மக்கள் அழுதார்கள், அலறினார்கள், மயங்கி விழுந்தார்கள். வெள்ளையர்களும் கறுப்பின மக்களும் அங்கே இருந்தார்கள்.

இந்த அலையின் செய்தி எளிமையானது. மீட்பு சிலருக்கு மட்டும் முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டதல்ல, யாரும் அதைத் தேர்ந்துகொள்ளலாம். பிரசங்கிக்கப் பெரிய கல்லூரிப் படிப்பு தேவையில்லை, அழைப்பு இருந்தால் போதும். பாவத்தை உடனே விட வேண்டும், நாளைக்கு என்று தள்ளக்கூடாது. விற்கப்படும் பொருளாக நடத்தப்பட்ட ஒரு மனிதரின் காதில் இந்த மூன்றும் எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகளில் கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்ததற்கு இதுதான் காரணம். ஏமாந்துபோய்ச் சேர்ந்தார்கள் என்று சொல்வது அவர்களுடைய அறிவை அவமதிப்பதாகும். அந்தச் சொற்களில் தங்களுக்கு என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் சேர்ந்தார்கள்.

ஆனால் ஆள்கிறவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கதவை அடைத்துவைத்திருந்தார்கள். 1667இலேயே வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது: ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமையே. கிறித்தவரை அடிமையாக வைத்திருக்கலாமா என்ற சங்கடம் எசமான்களுக்கு வரக்கூடாதல்லவா? ஆன்மாவுக்கு மோட்சம், உடலுக்குச் சங்கிலி. ஆன்மாவையும் உடலையும் இப்படிப் பாகம் பிரித்த அந்தச் சட்டத்தின் மேல்தான் பின்னாளில் எல்லா எழுப்புதல் கூட்டங்களும் கூடாரம் போட்டன.

24 ஆண்டுகளில் பின்வாங்கிய விதி

மெதடிஸ்ட் சபையின் கதையைப் பாருங்கள். 1784 டிசம்பரில் பால்டிமோர் நகரில் கூடி அமெரிக்க மெதடிஸ்ட் சபையை நிறுவினார்கள். அடிமை வைத்திருக்கும் உறுப்பினர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் அவர்களை விடுவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும், மறுப்பவர்கள் சபையில் இருக்க முடியாது என்று அங்கேயே விதி எழுதினார்கள். அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான விதி. எதிர்ப்பு கிளம்பியது. 1785இலேயே அந்த விதியை நிறுத்திவைத்தார்கள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். 1808இல் தென் கரோலினாவுக்கென்று சபை விதிநூலை அச்சடித்தபோது, அடிமைமுறை பற்றிய பகுதியையே நீக்கி 1,000 பிரதிகள் போட முடிவுசெய்தார்கள். அடிமைமுறை தவறு என்ற கொள்கையை யாரும் வெளிப்படையாகக் கைவிடவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் அச்சில் விட்டுவிட்டார்கள்.

ஏன் பின்வாங்கினார்கள்? சபை வளர வேண்டும், தெற்கே போக வேண்டும். தெற்கே அடிமைகளிடம் பிரசங்கிக்க வேண்டுமானால் எசமான் தோட்டத்தின் கதவைத் திறக்க வேண்டும். எசமானைப் பகைத்தால் கதவு திறக்காது. 'முதலில் ஆன்மாக்களைச் சேர்ப்போம், மற்றதைப் பிறகு பார்ப்போம்' என்று சமாதானம் சொன்னார்கள். 'முதலில் கட்சியை வளர்ப்போம், சாதியைப் பிறகு பார்ப்போம்' என்று எத்தனை பேர் நம்மிடமே சொல்லியிருக்கிறார்கள்!

விலை போட்டுத் தந்த விடுதலை

இனி ரிச்சர்ட் ஆலனின் கதைக்கு வருவோம். 1760இல் அடிமையாகப் பிறந்தவர். டெலவேரில் ஸ்டோக்லி ஸ்டர்ஜிஸ் என்ற விவசாயிக்கு விற்கப்பட்டவர். அந்த எசமான் ஆலனின் தாயையும் உடன்பிறந்தார் சிலரையும் பிறகு வேறிடத்துக்கு விற்றுவிட்டார். பதினேழு வயது வாக்கில் ஆலன் மெதடிஸ்ட் சபையில் சேர்ந்தார். போதகர்களைத் தன் எசமான் வீட்டுக்கே வரவழைத்தார். ஃபிரீபார்ன் காரெட்சன் என்ற போதகர், தராசில் நிறுக்கப்பட்டுக் குறையுள்ளவனாகக் காணப்பட்ட அரசன் பற்றிய வசனத்தை எடுத்துப் பேசினார். காரெட்சனே தன் அடிமைகளை விடுவித்தவர். பேச்சு ஸ்டர்ஜிஸின் மனதைத் தைத்தது. அடிமை வைத்திருப்பது பாவம் என்று அவர் உணர்ந்தார்.

உணர்ந்து என்ன செய்தார்? ஆலனை விடுவிக்க ஒப்புக்கொண்டு விலையைச் சொன்னார்: 2,000 கான்டினென்டல் டாலர். பாவத்தைச் செய்தவர் பரிகாரத்துக்கான பணத்தைப் பாதிக்கப்பட்டவரிடமே வாங்கினார். ஆலன் விறகு வெட்டினார், செங்கல் சூளையில் வேலை செய்தார், போர்க்காலத்தில் உப்பு வண்டி ஓட்டினார். தன்னைத் தானே விலைக்கு வாங்கினார்.

தாமஸ் ஆல்டோடு ஒப்பிட்டால் ஸ்டர்ஜிஸ் நல்லவர்தான். ஆலனும் அவரை நன்றியோடுதான் நினைவுகூர்கிறார். ஆனால் நல்லவரான எசமானும் சொத்தை இலவசமாக விடவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். கண்ணீர் விடுவது ஒரு நிமிட வேலை. சொத்தை விடுவது அப்படியல்ல.

முழங்காலில் இருந்தவரை இழுத்த கை

விடுதலையான ஆலன் பிலடெல்பியாவுக்கு வந்து, புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் தேவாலயத்தில் கறுப்பின மக்களுக்குப் பிரசங்கம் செய்தார். அவர் வந்த பிறகு கறுப்பின உறுப்பினர்கள் பெருகினார்கள். பெருகியதும் அவர்களைச் சுவரோரம் தள்ளினார்கள். கட்டடத்தை விரிவாக்கி மேல்மாடம் கட்டியபோது கறுப்பின மக்களும் பணமும் உழைப்பும் கொடுத்தார்கள். ஒரு ஞாயிறன்று ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே, முழங்காலில் இருந்த அப்சலோம் ஜோன்ஸைச் சபை நிர்வாகிகளில் ஒருவர் பிடித்து இழுத்தார். இங்கே இருக்கக்கூடாது, எழுந்திரு என்றார். ஜெபம் முடியட்டும் என்று ஜோன்ஸ் கேட்டுக்கொண்டார். அதற்கும் அவர் இணங்கவில்லை. ஜெபம் முடிந்ததும் கறுப்பின மக்கள் அனைவரும் ஒன்றாக எழுந்து வெளியேறினார்கள். இது 1787இல் நடந்தது என்று ஆலன் எழுதியிருக்கிறார். மேல்மாடம் கட்டிய காலத்தை வைத்து 1792 என்று வரலாற்றாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

தேவாலயத்தில் தனி வரிசை, தனிக் கல்லறை, நடுவே சுவர் என்று கண்ட நமக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. வெளியேறியதற்குப் பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

1787இலேயே ஆலனும் ஜோன்ஸும் சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கம் என்ற உதவி அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். உறுப்பினர்களின் சிறு சந்தாவில் நோயாளிகளுக்கும் கைம்பெண்களுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் உதவினார்கள். 1793இல் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவிச் சுமார் 5,000 பேர் இறந்தார்கள். பணக்காரர்கள் நகரத்தைவிட்டு ஓடினார்கள். கறுப்பின மக்களுக்கு இந்த நோய் வராது என்று நம்பிய மருத்துவர் பெஞ்சமின் ரஷ் அவர்களை உதவிக்கு அழைத்தார். அவர்கள் நோயாளிகளைப் பராமரித்தார்கள், பிணங்களை அடக்கம் செய்தார்கள். அவர்களிலும் பலர் செத்தார்கள். காய்ச்சல் ஓய்ந்ததும் மாத்யூ கேரி என்ற பதிப்பாளர், கறுப்பினச் செவிலியர்கள் கொள்ளையடித்தார்கள் என்று எழுதினார். 1794இல் ஜோன்ஸும் ஆலனும் வரவு செலவுக் கணக்கோடு பதில் நூல் வெளியிட்டு அந்த அவதூறை உடைத்தார்கள். பேரிடரில் யார் பிணம் தூக்குகிறார்கள், பிறகு யார் மேல் பழி விழுகிறது என்பது நமக்கும் தெரிந்த கணக்குத்தான்.

அதே 1794இல் ஆலன் வாங்கிய நிலத்தில் பெத்தேல் தேவாலயம் தொடங்கப்பட்டது. முதலில் அது ஒரு கொல்லன் பட்டறை. குதிரை கட்டி இழுத்துவந்து அங்கே நிறுத்தினார்கள். வெள்ளை மெதடிஸ்ட் தலைமை விடவில்லை. பத்திரத்தைக் காட்டி, கட்டடமும் பிரசங்க மேடையும் தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்றது. இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுபறி. 1815இல் தேவாலயம் ஏலத்துக்கே வந்தது. தாங்கள் கட்டிய தேவாலயத்தை 10,125 டாலருக்கு ஆலனே ஏலத்தில் எடுக்க வேண்டியிருந்தது. 1816இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் பெத்தேலின் பக்கம் நின்றது. அதே ஆண்டு ஏப்ரலில் பல ஊர்க் கறுப்பின மெதடிஸ்டுகள் கூடி, ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபையை நிறுவினார்கள். ஆலன் அதன் முதல் பேராயர்.

கட்டடம் கைக்கு வந்ததால் என்ன ஆனது? விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடுவோம் என்று 1816 டிசம்பரில் ஒரு குடியேற்றச் சங்கம் தொடங்கப்பட்டது. நாட்டின் பெரிய மனிதர்களும் போதகர்களும் அதில் இருந்தார்கள். அடுத்த மாதமே சுமார் 3,000 கறுப்பின மக்கள் பெத்தேல் தேவாலயத்தில் கூடி, எங்களை அனுப்ப நீங்கள் யார் என்று ஒரே குரலில் மறுத்தார்கள். தலைவர்கள் சிலருக்கே அந்தத் திட்டத்தில் சற்று ஈர்ப்பு இருந்தது. கூடிய மக்கள் அதை முடித்துவைத்தார்கள். 1830இல் கறுப்பின மக்களின் முதல் தேசிய மாநாடும் பெத்தேலில்தான் நடந்தது. வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் இதெல்லாம் நடந்திருக்குமா?

நம் வீட்டுக்குள்ளும் ஒரு மேல்மாடம்

ஆலனை முழுமையான நாயகனாக்கி நிறுத்துவதும் தவறு. ஜரீனா லீ என்ற கறுப்பினப் பெண் அவரிடம் வந்து, பிரசங்கிக்க எனக்கு அழைப்பு வந்திருக்கிறது என்றார். பெண்கள் பிரசங்கிக்க நம் சபை விதியில் இடமில்லை என்று ஆலன் திருப்பியனுப்பினார். பல ஆண்டுகள் கழித்துப் பெத்தேலில் பிரசங்கம் செய்துகொண்டிருந்த போதகர் தடுமாறி நின்றபோது, ஜரீனா லீ எழுந்து அந்த வசனத்தின் மேலேயே பேசத் தொடங்கினார். பேராயராக அங்கே இருந்த ஆலன், தான் முன்பு மறுத்ததை எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, இவருக்கு அழைப்பு உண்டு என்று ஏற்றுக்கொண்டார். ஜரீனா லீ பல நூறு மைல் நடந்தும் பயணித்தும் பிரசங்கம் செய்தார். 1836இல் தன் வாழ்க்கையைத் தானே எழுதி அச்சிட்டார். முறையான குருப்பட்டம் மட்டும் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை.

விதியைக் காட்டித் தன்னை ஒதுக்கியவர்களிடமிருந்து வெளியேறியவர், அதே விதிநூலைக் காட்டி ஒரு பெண்ணை நிறுத்தினார். நம் அமைப்புகளின் மேடையில் பெண் தோழர்கள் எத்தனை பேர், அவர்கள் பேச எத்தனை நிமிடம் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இந்த இடத்தில் நாம் ஆலனைக் குறைசொல்ல முடியும்.

ஆள்கிறவர்கள் எதைக் கண்டு பயந்தார்கள்?

கறுப்பின மக்கள் பாடுவதையோ அழுவதையோ கண்டு எசமான்கள் பயப்படவில்லை. அவர்கள் தனியாகக் கூடுவதையும் தாங்களாகவே படிப்பதையும் கண்டு பயந்தார்கள். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் கறுப்பின மெதடிஸ்டுகள் தனியே பிரிந்து சொந்தச் சபை வைத்தார்கள். 1822இல் டென்மார்க் வேசி என்பவர் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகச் சொல்லி அவரோடு சேர்த்து 35 பேரைத் தூக்கிலிட்டார்கள். வேசி அந்தச் சபையைச் சேர்ந்தவர். தேவாலயத்தை இடித்துப்போட்டார்கள். 1829இல் டேவிட் வாக்கர் பாஸ்டனிலிருந்து வெளியிட்ட அறைகூவல் நூல், கப்பல் தொழிலாளர்கள் வழியாகத் தெற்கே கசிந்தது. தென் மாநிலங்கள் தடைச் சட்டங்கள் போட்டன. 1831இல் வர்ஜீனியாவில் பிரசங்கியாகவும் இருந்த நாட் டர்னர் கிளர்ச்சியை நடத்தினார். அடுத்த ஆண்டே அங்கே கறுப்பின மக்கள் பிரசங்கிப்பதைச் சட்டம் தடைசெய்தது.

பிரசங்கத்தையே ஒரு அரசு தடைசெய்கிறது என்றால், அந்தப் பிரசங்கத்தில் ஏதோ இருந்திருக்கிறது. அதே மதத்தை வெள்ளைப் போதகர் எசமானின் முன்னிலையில் சொன்னால் அதற்கு அனுமதி உண்டு. யார் சொல்கிறார்கள், யாருடைய இடத்தில் நின்று சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே நூல் இரண்டு நூலானது.

மாணவர்கள் செய்த வேலை

வெள்ளைச் சீர்திருத்தக்காரர்களைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். சார்ல்ஸ் ஃபின்னி அந்தக் காலத்தின் மிகப் பெரிய எழுப்புதல் பிரசங்கி. நியூயார்க்கில் தன் சபையில் அடிமை உடைமையாளர்களுக்குத் திருவிருந்து தர மறுத்தவர். அது சிறிய செயலல்ல. அதே சபையில் கறுப்பின மக்கள் தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். இருக்கைகளைக் கலந்துவிடுவோம் என்று அவருடைய புரவலர் லூயிஸ் டாப்பன் வற்புறுத்தியபோது ஃபின்னி இணங்கவில்லை. அடிமை ஒழிப்புப் போராட்டம் எழுப்புதலை விழுங்கிவிடும் என்று தன் சீடர்களையே எச்சரித்தார். தூரத்து எசமானைக் கண்டிக்க முடிந்தவரால் பக்கத்து இருக்கையை மாற்ற முடியவில்லை.

அவருடைய சீடர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். 1834 பிப்ரவரியில் சின்சினாட்டி நகரின் லேன் இறையியல் கல்லூரியில் மாணவர்கள் 18 இரவுகள் தொடர்ந்து அடிமைமுறை பற்றி விவாதித்தார்கள். முன்னின்றவர் தியடோர் வெல்ட். அந்த விவாதத்தின் உயிர்நாடி ஜேம்ஸ் பிராட்லி என்ற கறுப்பின மாணவர். குழந்தையாக ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்டவர், பகலெல்லாம் எசமானுக்கு உழைத்துவிட்டு இரவில் தனக்காக வேலை செய்து காசு சேர்த்துத் தன்னை மீட்டவர். விடுதலை கொடுத்தால் இவர்களால் தங்களைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்கு அவரே பதிலாக நின்றார்.

விவாதம் முடிந்ததும் மாணவர்கள் நகரத்தின் கறுப்பினக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். பள்ளிகள் நடத்தினார்கள், அங்கேயே சாப்பிட்டார்கள், தெருவில் சேர்ந்து நடந்தார்கள். கல்லூரி நிர்வாகத்துக்குக் கோபம் வந்தது. பேச்சைச் சகித்தவர்களால் சேர்ந்து சாப்பிடுவதைச் சகிக்க முடியவில்லை! மாணவர் சங்கத்தைக் கலைக்கவும் விவாதங்களைத் தடுக்கவும் உத்தரவு வந்தது. பெரும்பாலான மாணவர்கள் கல்லூரியைவிட்டே வெளியேறினார்கள். அவர்களில் பலர் ஓபர்லினுக்குப் போனார்கள். 1835இல் ஓபர்லின் கல்லூரி நிறவேறுபாடின்றி மாணவர்களைச் சேர்க்க முடிவெடுத்தது அந்த நெருக்கடியில்தான். ஃபின்னியே அங்கே இறையியல் பேராசிரியராக வந்தார். குருவைச் சீடர்கள் இழுத்துவந்தார்கள் என்றே சொல்லலாம்.

ஏஞ்சலினா கிரிம்கே தென் கரோலினாவின் அடிமை உடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டைவிட்டு வடக்கே வந்து அடிமைமுறைக்கு எதிராக மேடையேறினார். 1837இல் மாசசூசெட்ஸ் போதகர்கள், பெண்கள் பொதுமேடையில் பேசுவது இயற்கைக்கு மாறானது என்று சுற்றறிக்கை விட்டார்கள். அவர் பேசுவதை நிறுத்தவில்லை. 1838இல் அந்த மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன்பே பேசினார். அடிமை விடுதலைக்காகப் போராடிய பெண்கள் தங்கள் சொந்த விலங்கையும் கண்டுகொண்டது இப்படித்தான்.

இதே காலத்தில் சபைகள் உடைந்தன. 1844இல் மெதடிஸ்ட் சபை, அடிமை வைத்திருக்கும் ஒருவர் பேராயராக இருக்கலாமா என்ற கேள்வியில் இரண்டாகப் பிளந்தது. 1845இல் தெற்குப் பாப்டிஸ்டுகள் தனியே பிரிந்தார்கள். அந்தப் பிரிவு அடிமைமுறைக்குத் துணைபோனதற்காக மன்னிப்புக் கேட்டது 1995இல். 150 ஆண்டுகள்! இடையில் நடந்த உள்நாட்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கூடாரங்களில் சிந்திய கண்ணீர் அந்தப் போரைத் தடுக்கவில்லை.

அந்த அலை நம் கரைக்கும் வந்தது

இது எங்கோ நடந்த கதை மட்டுமல்ல. இதே எழுப்புதல் அலையில் பிறந்ததுதான் 1810இல் தொடங்கிய அமெரிக்க மிஷன் வாரியம். அதன் மிஷனரிகள் 1816இல் யாழ்ப்பாணத்துக்கும் 1834இல் மதுரைக்கும் வந்தார்கள். மதுரையில் 1840களின் பிற்பகுதியில் அவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். சபையில் இருப்பவர்கள் சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லோரோடும் சேர்ந்து உண்ண வேண்டும். மறுத்த உபதேசியார்கள் பலர் வெளியேறினார்கள்.

அதே காலத்தில் அதே வாரியம் அமெரிக்காவில் என்ன செய்தது? செரோக்கி, சோக்தா பழங்குடியினரிடையே அது நடத்திய சபைகளில் அடிமை உடைமையாளர்கள் உறுப்பினர்களாக இருந்தார்கள். அவர்களை நீக்கச் சொல்லி எழுந்த கோரிக்கையை 1845இல் ஏற்க மறுத்தது. அதைக் கண்டித்தவர்கள் 1846இல் தனியாக வேறொரு மிஷன் சங்கத்தைத் தொடங்கினார்கள். மதுரையின் சாதியைப் பாவம் என்று கண்ட கண்ணுக்கு, சொந்த நாட்டின் அடிமைமுறையை அதே உறுதியோடு பார்க்க முடியவில்லை. இதைப் படித்துச் சிரிக்கும் முன் நம் ஊரைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஒரு கறுப்பினத்தவர் கொல்லப்பட்டால் பக்கம் பக்கமாகக் கண்டனம் எழுதும் நண்பர்கள், அடுத்த தெருவில் நடக்கும் ஆணவக் கொலைக்கு என்ன எழுதுகிறார்கள்?

இன்னொரு கடிதம் எதிர்த்திசையில் போனது. 1873இல் மகாத்மா ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில், அரசியல் புரட்சிகளுக்கு முன்னால் சமய, சமூகப் புரட்சிகள் வந்திருக்கின்றன என்று வாதிட்டார். அதற்கு அமெரிக்க விடுதலைப் போரையும் அதன் பின்னாலிருந்த பியூரிட்டன் சமய இயக்கத்தையும் சான்றாகக் காட்டினார். அந்த உரைக்கு அவரை அழைத்தவர்கள் சாதி ஒழிப்புப் பேசிய சீர்திருத்தக்காரர்களே. உரையைப் படித்ததும் மாநாட்டையே ரத்து செய்தார்கள். ஃபின்னியின் இருக்கை வரிசை லாகூரிலும் இருந்தது! அண்ணல் எசமான்களின் மனமாற்றத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1956இல் தன் மக்களோடு எழுந்து வெளியேறினார்.

அடிமைமுறையும் சாதியும் ஒன்றல்ல. அண்ணலே அந்த வேறுபாட்டை விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே இந்த வரலாற்றை அப்படியே இங்கே ஒட்ட வேண்டாம். அதிலிருந்து சில கேள்விகளை எடுத்துக்கொள்வோம். ஓர் இயக்கமோ சபையோ கட்சியோ 'நாங்கள் மாறிவிட்டோம், எல்லோரும் சமம்' என்று சொல்லும்போது நாம் கேட்க வேண்டியவை இவை. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? முடிவெடுக்கும் குழுவில் யார் இருக்கிறார்கள்? விதிநூலில் எந்தப் பக்கத்தை எந்த ஊருக்காக நீக்கியிருக்கிறார்கள்? யார் யாரோடு சாப்பிடுகிறார்கள்? யார் பேசும்போது 'உட்கார்' என்கிறார்கள்?

மனமாற்றம் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. காரெட்சனின் மனம் மாறியது, அவர் தன் அடிமைகளை விடுவித்தார். லேன் மாணவர்களின் மனம் மாறியது, அவர்கள் கல்லூரியை விட்டார்கள். மாறிய மனம் எதையாவது இழந்திருக்கும். எதையும் இழக்காத மனமாற்றத்தைத்தான் தாமஸ் ஆல்டிடம் டக்ளஸ் பார்த்தார்.

தப்பி வடக்கே வந்த டக்ளஸ், நியூ பெட்ஃபோர்டில் முதலில் வெள்ளையர்களின் மெதடிஸ்ட் தேவாலயத்துக்குத்தான் போனார். திருவிருந்தின்போது வெள்ளையர் எல்லோரும் உண்டு முடிக்கும்வரை கறுப்பின மக்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். அன்றே அங்கிருந்து வெளியேறி, கறுப்பின மக்கள் தாங்களே நடத்திய சிறிய சபை ஒன்றில் சேர்ந்தார். நாட்டை உலுக்கிய அந்தக் குரல் பேசிப் பழகியது அந்தச் சிறிய இடத்தில்தான்.

உங்கள் ஊரில் அப்படியொரு இடம் இருக்கிறதா? படிப்பகமோ, மாலைப் பள்ளியோ, கூரை போட்ட ஒரு திண்ணையோ எதுவானாலும் சரி. இருந்தால் அதன் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். இல்லையென்றால், இந்த மாதச் சந்தாவிலிருந்தே தொடங்கலாம்.